நந்தவனத்தில் விளைந்த ஞானம்

சிவகாசி வட்டாரம் மழை குறைந்த கரிசல் பூமி. உழவு பொய்த்த இடத்தில், அந்த வறட்சியையே துணையாகக் கொண்டு, 1920-களில் தீப்பெட்டித் தொழிலும், பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் தலையெடுத்தன. அந்த நெருப்பூருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அதே விருதுநகர் மாவட்டத்தில், ஒரு பூந்தோட்டத்தால் புகழ்பெற்ற ஊர் உண்டு. அதுவே ஸ்ரீவில்லிபுத்தூர். அத்தோட்டத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவரான பெரியாழ்வார் அங்கே வாழ்ந்தவர். அவரது காலம் கி.பி. 9-ஆம் நூற்றாண்டு என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அவரது வரலாற்றைக் கூறும் குருபரம்பரை நூல்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்தவை. ஆகவே, அவை கூறும் ஒவ்வொன்றையும் சரித்திரச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும், ஒரு சமுதாயம் எதனை உயர்வென்று போற்றியது என்பதற்கு அவை நல்ல சான்றுகளே.

வடபத்திரசாயிக்கு மலர் கொடுப்பதே தம் பணியென்று கொண்டார் அவர். மண்ணைக் கொத்தினார், நீர் இறைத்தார், மாலை தொடுத்தார். மதுரையில் பாண்டியன் அவையில் வாதம் வென்று பொற்கிழி பெற்ற பின்னும், அவர் திரும்பி வந்தது அந்த நந்தவனத்திற்கே என்கிறது மரபு. புலமை மண்வெட்டியைத் தாழ்வாக எண்ணவில்லை!

அத்தோட்டத்துத் துளசியின் அடியில் கிடைத்த குழந்தையே ஆண்டாள். இறைவனுக்குரிய மாலையை அவள் சூடிப் பார்த்ததைக் கண்டு ஆழ்வார் வருந்தி, வேறு மாலை தொடுத்தார். ஆனால் இறைவன் விரும்பியதோ அவள் சூடிக் களைந்த மாலையையே. தாம் சரியென்று பற்றியிருந்த விதியை, அன்பின் முன்னே அவர் விட்டுக்கொடுத்தார். என் மனத்தை மிகவும் கவர்ந்த இடம் இதுவே. இன்றும் திருமலைப் பிரம்மோற்சவத்திற்கு இங்கிருந்து ஆண்டாள் மாலை செல்கின்றது.

ஜப்பானிலும் இதற்கொப்பான நெறி உண்டு. மூசோ சொசெகி (1275–1351) என்னும் ஜென் துறவி, கியோட்டோ நகரில் தோட்டங்களை அமைத்தவர்; தோட்ட வேலையையும் தியானத்தையும் அவர் வேறாகக் காணவில்லை. இருவர் சமயமும் வேறு, வழிபாடும் வேறு. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் செடி இருவருக்கும் ஒரே பாடத்தையே புகட்டியிருக்க வேண்டும். நீர் விடுவது நம் கடமை. மொட்டு விரியும் நேரமோ நம் கையில் இல்லை.

மாணவர்களே, கல்வி கற்றவன் கையில் மண் படலாகாது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் அழியவில்லை. பொற்கிழி வென்ற புலவர் மறுநாள் காலையில் பூக்குடலையோடு நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். அவ்வெண்ணத்திற்கு அதுவே தக்க விடை.