மலைக் கல்லில் எழுந்த கிராமக் கோயில்கள்

பொகவந்தலாவைப் பரிசுத்த மரியாள் ஆலயத்துக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் தேடி வருகிறார்கள். அவர்கள் தேடுவது ஆலயவளவில் உள்ள ஒரு கல்லறையை. கல்கத்தாவில் பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர்களில் ஒருவராக விளங்கிய ஜூலியா மார்கரெட் கேமரன், 1879 ஜனவரி 26ஆம் திகதி கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமாகி இங்கே அடக்கமானார். அடுத்த ஆண்டு அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கேமரனும் பக்கத்திலேயே அடக்கமானார். கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழு என்று நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்களே, அந்தக் கேமரன் இவர்தான்.

கல்லறையைப் பார்த்தவர்கள் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட மலையகக் கற்கோயில்களின் சுவருக்கும் சன்னலுக்கும் ஒரு நீண்ட வம்சவரலாறு உண்டு. அதன் வேர், ஐரோப்பிய நடுக்காலத்துக் கிராமக் கோயிலில் இருக்கிறது.

பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஒரு கிராமக் கோயில் ஒரே மூச்சில் கட்டி முடிந்ததில்லை. 12ஆம் நூற்றாண்டுக்காரர்கள் தடித்த சுவரும் அரைவட்ட வளைவுமாகத் தொடங்கி வைப்பார்கள். பேரன் காலத்தில் சன்னல் உயரும். விளைச்சல் கைகொடுத்த காலத்தில் மணிக்கூண்டு ஏறும். 1140களில், பாரிஸ் அருகே சாந்தெனி மடத்துக் கோயிலின் கிழக்குப் பகுதியை மடாதிபதி சுழேர் புதுப்பித்தபோது, கூர்வளைவு புதிய கட்டடக்கலையின் அடையாளமாயிற்று. அங்கிருந்து அது கிராமங்களுக்கும் இறங்கியது. ஆகவே அத்தகைய கோயிலின் சுவரைப் படிக்கத் தெரிந்தவருக்கு, ஊரின் வரலாறு அடுக்கடுக்காக அதிலேயே இருக்கும்.

இந்த வடிவம் கடல் கடந்ததற்கு 1839இல் கேம்பிரிட்ஜில் தோன்றிய கேம்டன் சங்கம் ஒரு முக்கிய காரணம். உண்மையான கல், செங்குத்தான கூரை, நீண்டு தனித்து நிற்கும் பலிபீடப் பகுதி ஆகியவையே கோயிலுக்கு உரியவை என்று அந்தச் சங்கத்தார் வாதாடினார்கள். குடியேற்ற நாடுகளில் சிறிய கோயில் கட்டுவோருக்கு அவர்கள் காட்டிய முன்மாதிரி, லோங்ஸ்டன்டன் என்ற ஊரிலுள்ள 13ஆம் நூற்றாண்டுக் கிராமக் கோயில். வைக்கோல் வேய்ந்த கூரையுடைய எளிய கோயில் அது. அதன் அளவுகளை வைத்து 1840களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு கோயிலே எழுந்தது.

இலங்கையிலும் அந்த அலை வீசிய காலம் அதுதான். கொழும்பின் முதல் அங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் சப்மன் 1845இல் இங்கே வந்தார். நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தை 1852இல் அவரே பிரதிஷ்டை செய்தார். டிக்கோயாவின் வார்லி தோட்டத்துக் கிறிஸ்து ஆலயம் 1878இல் கட்டப்பட்டது.

கூர்வளைவுச் சன்னல் எப்படி உருவாகிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு முளையும் ஒரு கயிறும் போதும். சன்னலின் அகலத்தைத் தரையில் குறித்து, இரு முனையிலும் முளை அடிப்பார்கள். கயிற்றின் நீளம் அந்த அகலமே. ஒரு முளையில் கயிற்றைக் கட்டி எதிர் முனையிலிருந்து ஒரு வில் இழுப்பார்கள். மற்ற முளையில் கட்டி இன்னொரு வில். இரண்டும் சந்திக்கும் இடமே கூர்முனை. அந்தக் கோட்டுக்கு ஏற்பப் பலகையில் அச்சு வெட்டி, அந்த அச்சுக்கு ஏற்பக் கல்லைக் கொத்துவார்கள். 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கொத்தனாருக்கும் 19ஆம் நூற்றாண்டு மலையகக் கொத்தனாருக்கும் கணக்கு ஒன்றுதான்.

கல் மட்டும் வேறு. பிரான்சின் பல பகுதிகளில் உளிக்கு எளிதில் இளகும் சுண்ணக்கல் கிடைக்கும். நம் மலையில் கிடைப்பது உளியை எதிர்க்கும் கருங்கல். அதைச் செதுக்கிப் பூவேலை செய்வது பெரும்பாடு. மலைக்கோயில்கள் அலங்காரம் குறைந்து, அளவால் அழகு பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். போக்குவரத்தும் பெரும்பாடாகவே இருந்தது. ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்தது. ஹட்டனை எட்டியது 1884இல். வார்லிக் கோயில் எழுந்தது இந்தப் பத்தாண்டு இடைவெளியில். நாவலப்பிட்டிக்கு அப்பால் பாரமான எதையும் மாட்டு வண்டியில்தான் ஏற்ற வேண்டும். கல்லை எட்டத்திலிருந்து கொண்டுவர யாருக்கும் மனம் வந்திராது.

செங்குத்துக் கூரை வட ஐரோப்பாவின் மழைக்கும் பனிக்கும் பிறந்தது. பொகவந்தலாவையில் பனிக்கட்டி விழுவதில்லை. தென்மேற்குப் பருவமழை விழுகிறது. தண்ணீரை நிற்கவிடாமல் உதறித் தள்ளும் அந்தச் சரிவு இந்த மலைக்கென்றே செய்தது போல் பொருந்திவிட்டது.

இந்தக் கோயில்களைக் கட்டுவித்தவர்கள் பெரும்பாலும் காப்பித் தோட்டத் துரைமார். முன்வரிசை அவர்களுக்கு. தோட்டத் தொழிலாளருக்கான தமிழ்க் கூலி மிஷன் 1854இலேயே தொடங்கியிருந்தது. தமிழ் உபதேசியார்கள் மலையேறிவந்து லயன்களுக்கு இடையே ஜெபம் நடத்தினார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது, துரைமாரும் போனார்கள். பொகவந்தலாவை வழியாக ஓடும் கெகல்கமு ஓயா 1960களில் காசல்ரீ அணைக்குள் தேங்கியது. முன்பு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்ற வார்லிக் கோயில் இன்று நீரைப் பார்த்து நிற்கிறது. இன்று மலையகத்தின் அங்கிலிக்கன் ஆலயங்கள் பலவற்றில் ஒலிப்பது தமிழ் வழிபாடு. கல் சுமந்தவர்களின் வாரிசுகளே சபையாராக இருக்கிறார்கள்.

பிரான்சில் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், பழைய ஊர்க்கோயில்கள் பெரும்பாலும் ஊராட்சிகளின் உடைமை. சுவர் வெடித்தால் ஊர்ப் பணத்தில் பார்க்க வேண்டும். இங்கே அந்தப் பாரம் சம்பளத்தை எண்ணி வாழும் சபையார் தோளில் இருக்கிறது. ஆகவே அவர்கள் முன் வைக்க இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. பழைய கல் இணைப்புகளைச் சீமெந்தால் அடைக்க வேண்டாம்; சீமெந்து ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். சுண்ணாம்புச் சாந்தையே பூசுங்கள், அது சுவரை மூச்சுவிட வைக்கும். கல்லறைப் பலகைகளில் துரைமார் பெயர்கள் இருக்கின்றன. கல்லுடைத்தவர், சாந்து குழைத்தவர் பெயர்களைப் பலகையில் பொறிக்கும் வழக்கம் அன்று இல்லை. வீட்டில் பாட்டன், பூட்டன் கதை தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் சபைப் பதிவேட்டில் இந்த ஆண்டே எழுதி வையுங்கள்.