எதிரியை இணைப்பில் வைத்திருத்தல்: ஆலன் பெர்க்கின் வானொலி

வானொலி பேசும், நாம் கேட்போம். பதிலுக்கு ஏதாவது சொல்லணும்னா ஒரு அஞ்சலட்டை வாங்கி எழுதிப்போட வேண்டும். அதையும் அவர்களே பொறுக்கியெடுத்து, வெட்டி, அவர்கள் குரலிலேயே வாசிப்பார்கள். இப்படிப் பழகிப்போன காதுகளுக்கு, பெர்டோல்ட் பிரெக்ட் 1932-ல் வானொலி பற்றிச் சொன்னது இன்றைக்கும் விசித்திரமாகத்தான் படும். வானொலி விநியோகிக்கும் கருவியாக மட்டும் இருக்கக்கூடாது, கேட்பவனைப் பேசவும் வைக்க வேண்டும், அவனைத் தனிமைப்படுத்தாமல் உறவுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே ஜெர்மன் வானொலி கோயபல்ஸின் கைக்குப் போய்விட்டது. உறவாவது ஒன்றாவது.

பிரெக்டின் கனவை ஏதோ ஒரு வகையில் நிறைவேற்றியது அமெரிக்க வணிக வானொலி என்பது வரலாற்றின் குசும்பு. 1970களில் பாட்டெல்லாம் துல்லியமான எஃப்.எம். அலைவரிசைக்குக் குடிபோக, ஏ.எம். நிலையங்களுக்கு மிஞ்சியது பேச்சு. ஒரு ஆள், ஒரு மைக், நாலைந்து தொலைபேசி இணைப்பு. செலவு குறைவு, சரக்கைக் கேட்பவரே இலவசமாகத் தந்துவிடுகிறார். அவர் சொல்வது சில விநாடிகள் தாமதித்தே காற்றில் ஏறும். ஏடாகூடமாக எதையும் சொல்லிவிட்டால் வெட்டுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. ஆக, இந்த உரையாடலுக்குள் அதிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் களைக்க வேண்டியதில்லை. அது பொத்தான்மேல் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கொலராடோ மாநிலம் டென்வரின் ஆலன் பெர்க். 1934-ல் சிகாகோவில் பிறந்த யூதர். 22 வயதிலேயே வழக்கறிஞர் தேர்வில் தேறியவர். வலிப்பு நோயும் குடியும் சேர்ந்து அந்தத் தொழிலை முடித்துவைத்தன. மனைவியின் ஊரான டென்வருக்கு வந்து குடியை விட்டார், செருப்புக்கடையில் வேலை பார்த்தார், பிறகு சொந்தமாகத் துணிக்கடை வைத்தார். அங்கே பழக்கமான ஒரு வானொலிக்காரர் இவருடைய வாயைப் பார்த்துவிட்டுத் தன் நிகழ்ச்சிக்கு அழைத்தார். அந்த நண்பர் ஊர் மாறியபோது நாற்காலி இவருக்கு வந்தது. சின்ன நிலையங்கள், வேலைநீக்கம், மறுபடி பழைய இடம் என்று சில வருஷம் ஓடியது. 1981 பிப்ரவரியில் கே.ஓ.ஏ. என்ற பெரிய நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் பேச்சு எப்படி இருந்தது? மரியாதை கிடையாது. ஒலிப்பதிவுகளில் எஞ்சியிருப்பதைக் கேட்டால், இந்த ஆள் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று முதலில் எரிச்சல்தான் வருகிறது. அழைத்தவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் 'ஏன்? யார் சொன்னது? எங்கே படிச்சே?' என்கிற பாணியில் குறுக்கே விழுவார். பிடிக்காவிட்டால் பட்டென்று இணைப்பைத் துண்டிப்பார். இனவெறியனிடம் மட்டுமல்ல, பேச ஆளில்லாமல் அழைத்த சாதாரணமானவர்களிடமும் அப்படித்தான். டென்வரில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் ரொம்பப் பிடித்தவர், ரொம்பப் பிடிக்காதவர் என்று இரண்டு இடத்திலும் இவர் பெயரே வந்ததாகச் சொல்வார்கள். நிலைய நிர்வாகத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வெறுப்பவனும் வானொலிப் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறான், இடையில் வரும் விளம்பரத்தையும் கேட்கிறான். பெர்க்கைக் கருத்துச் சுதந்திரத்தின் தியாகியாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த வியாபாரத்தைக் கண்டுகொள்வதில்லை. அவருடைய முரட்டுத்தனம் விற்கப்பட்ட சரக்கு. அது அவருக்கும் தெரியும்.

ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் எதையோ தவறவிடுகிறோம். தியோடர் அடோர்னோ 1940களில், அமெரிக்காவில் அகதியாக இருந்தபோது, மார்ட்டின் லூதர் தாமஸ் என்ற பாசிசச் சாய்வுள்ள வானொலிப் பிரசங்கியின் உரைகளை வரிவரியாகப் பிரித்துப்போட்டார். 'நான் தனியாள், எனக்குப் பின்னால் யாருமில்லை, என்னைத் துரத்துகிறார்கள்' என்ற பாவனை அந்தப் பிரசங்கியின் முக்கியமான தந்திரங்களில் ஒன்று என்று காட்டினார். இதிலிருந்து நான் ஒரு அடி தள்ளிப் போகிறேன். இந்தப் பாவனை எடுபடுவதற்கு ஒரு தொழில்நுட்ப நிபந்தனை இருக்கிறது: குறுக்கே யாரும் பேசக்கூடாது. வெறுப்பின் கதையாடல் தொடர்ச்சியை நம்பிப் பிழைக்கிறது. ஒரு பொய்யிலிருந்து அடுத்த பொய்க்குப் போகும் வழியில் யாராவது கையைப் பிடித்து நிறுத்தினால் அது தடுமாறும். பெர்க் செய்தது இதைத்தான். எதிரியை ஒதுக்கவில்லை, இணைப்பில் வைத்திருந்தார். யூதச் சதி பற்றி நீட்டி முழக்க வந்தவனை, அவன் சொன்னதையே திரும்பச் சொல்லவைத்து ஊர் முன்னால் சிரிப்புக்குள்ளாக்கினார். வெள்ளை இனமே பைபிளின் உண்மையான இஸ்ரவேலர் என்று போதித்த 'கிறிஸ்தவ அடையாள' இயக்கத்தின் பீட் பீட்டர்ஸ், ஜாக் மோர் போன்றவர்கள் அவரிடம் வானொலியில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள்.

இங்கே 'உள்ளூர்' என்பது பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பெர்க் டென்வரின் ஆள். எந்த உணவகத்தில் சாப்பிடுவார் என்பதுவரை ஊருக்குத் தெரியும். 1979-ல் கிளான் அமைப்பைச் சேர்ந்த ஒருவன் ஸ்டுடியோவுக்கே வந்து மிரட்டினான் என்று புகார் கொடுத்தார். மறுபடியும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஆனால் கே.ஓ.ஏ. 50,000 வாட் நிலையம். ஏ.எம். அலைகள் பகலில் தரையோடு தவழும், ராத்திரியில் அயனிமண்டலத்தில் பட்டுத் தெறித்து எங்கெங்கோ போய் விழும். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அந்த நிலையம் கேட்டது. பக்கத்துவீட்டுச் சண்டை போன்ற பேச்சு, பக்கத்துவீட்டுக்காரர் அல்லாதவர்களின் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. 1984 ஜனவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' பேச்சு வானொலி பற்றிய தொகுப்பில் அவரைக் காட்டியது. நாடே பார்த்தது.

பார்த்தவர்களில் சிலர் துப்பாக்கி வைத்திருந்தார்கள். 1983-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ராபர்ட் மேத்யூஸ் என்பவன் 'தி ஆர்டர்' என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கினான். பெயர், 'டர்னர் டைரிஸ்' என்ற 1978-ஆம் வருஷத்து இனவெறி நாவலிலிருந்து எடுத்தது. (ஒரு மட்டமான நாவலும் வேலை செய்யும். இலக்கியத் தரம் பற்றிப் பேசும் நம் விமர்சகர்கள் கவனிக்கட்டும்.) கள்ளநோட்டு, வங்கிக்கொள்ளை, பணவண்டிக் கொள்ளை என்று போன அந்தக் கூட்டம் ஒரு கொலைப்பட்டியலும் வைத்திருந்தது. 1984 ஜூன் 18 இரவு, முன்னாள் மனைவியோடு சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிய பெர்க், தன் ஃபோக்ஸ்வேகன் காரை விட்டு இறங்கும்போது சுடப்பட்டார். தானியங்கியாக மாற்றப்பட்ட மேக்-10 துப்பாக்கி, பத்துக்கும் மேற்பட்ட குண்டுகள். வயது 50. சுட்டவன் புரூஸ் பியர்ஸ், காரை ஓட்டியவன் டேவிட் லேன். இந்த லேன் பெர்க்கின் நிகழ்ச்சிக்குத் தானே தொலைபேசியில் அழைத்து மல்லுக்கட்டியவன். கொலையில் பங்கில்லை என்று கடைசிவரை மறுத்தாலும் இதைப் பின்னாளில் அவனே ஒப்புக்கொண்டான்.

அரசியல்வாதி, நீதிபதி, பெரிய பத்திரிகை முதலாளி எல்லாம் இருக்க, ஒரு பேச்சு வானொலிக்காரரை ஏன்? அவர் எளிதில் கிடைத்தார் என்பது பாதிப் பதில்தான். அவர்களுடைய சொல்லாடலை அவர்களுடைய தொனியிலேயே, ஊர் கேட்க உடைத்தவர் அவர் என்பது மீதி. கண்டன அறிக்கை இனவெறியனுக்கு வலிக்காது, அது அவனை முக்கியமானவனாக்கும். அழைத்துப் பேசிச் சிரிப்பாய்ச் சிரிக்கப்பட்டவனுக்குத்தான் வலிக்கும்.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில், ஐடஹோவில் கூட்டாளி ஒருவனின் வீட்டில் அந்தத் துப்பாக்கி கிடைத்தது. டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறையின் முற்றுகையில் மேத்யூஸ் செத்தான். கொலராடோ மாநிலமோ கொலை வழக்கே தொடுக்கவில்லை, சாட்சியம் போதாதென்றார்கள். 1987-ல் டென்வர் மத்திய நீதிமன்றத்தில் நடந்தது குடியுரிமை மீறல் வழக்கு. யூதர் என்பதற்காகவும், வானொலியில் வேலை பார்த்தார் என்பதற்காகவும் ஒரு மனிதரின் உரிமையைப் பறித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நால்வரில் இருவர் விடுதலை. மற்ற வழக்குகளின் தண்டனையும் சேர்த்து லேனுக்கு 190 ஆண்டு, பியர்ஸுக்கு 252. லேன் 2007-லும் பியர்ஸ் 2010-லும் சிறையிலேயே செத்தார்கள். ஆனால் லேன் சிறையிலிருந்து எழுதி அனுப்பிய பதினான்கு வார்த்தை முழக்கம் உலகெங்கும் வெள்ளை இனவெறியர்களின் அடையாள வாசகமாகிவிட்டது. பெர்க்கின் பேச்சு நாடாக்களில் கிடக்கிறது.

'பெர்க்கின் வாரிசுகள்' என்று இன்றைய பேச்சு வானொலிக்காரர்களைச் சொல்வதுண்டு. இதை நான் ஏற்கவில்லை. 1949 முதல் இருந்த 'நியாயக் கோட்பாடு', சர்ச்சைக்குரிய விஷயங்களில் எதிர்க்கருத்துக்கும் இடம்தரும்படி நிலையங்களைக் கட்டாயப்படுத்தியது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றம் 1987-ல் முயன்றது. ரீகன் தடுத்தார். ஆகஸ்டில் கோட்பாடே கைவிடப்பட்டது. அடுத்த ஆகஸ்டில் ரஷ் லிம்பா நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கினார். கோட்பாடு போனதால்தான் லிம்பா வந்தார் என்று முடிச்சுப்போடுவது அவசரம். செயற்கைக்கோள் வழியே ஒரே நிகழ்ச்சியை நூற்றுக்கணக்கான நிலையங்களுக்கு மலிவாக அனுப்ப முடிந்ததும் காரணம். 1996-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் உடைமை வரம்பைத் தளர்த்தியபின் ஒரே நிறுவனம் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிப்போட்டது. உள்ளூர்க் குரல் கூடுதல் செலவாகிப்போனது. லிம்பாவின் நிகழ்ச்சியில் அழைப்புகள் முன்கூட்டியே வடிகட்டப்பட்டன, வந்தவர்களில் பெரும்பாலோர் 'ஆமாம் ஐயா' போடுபவர்கள். பெர்க்கிடமிருந்து வசவை எடுத்துக்கொண்டார்கள், எதிராளியை விட்டுவிட்டார்கள். அடோர்னோ பார்த்த பிரசங்கி, குறுக்கே யாருமில்லாத தன் இடத்துக்குத் திரும்பிவிட்டான்.

சினிமா செய்தது இன்னொரு விதம். எரிக் பொகோசியனின் 1987-ஆம் வருஷத்து நாடகத்தையும், பெர்க் பற்றி ஸ்டீஃபன் சிங்குலர் எழுதிய புத்தகத்தையும் சேர்த்து ஆலிவர் ஸ்டோன் 1988-ல் எடுத்த 'டாக் ரேடியோ' படத்தில், ஊர் டல்லஸ் ஆகிறது. கதாநாயகனைக் கொல்பவன் கார் நிறுத்துமிடத்தில் காத்திருக்கும் ஒரு தனி நேயன். அமைப்பு, பணம், பட்டியல், சித்தாந்தம் எதுவும் கிடையாது, பைத்தியக்கார நேயன் ஒருவன் மட்டும். அரசியல் கொலையை மனநோயாக மொழிபெயர்த்த இந்த வேலையை நல்ல படம் என்ற பாராட்டுக்குள் மறைத்துவிட முடியாது. (நல்ல படம்தான்.) 2024-ல் ஜஸ்டின் குர்ஸல் எடுத்த 'தி ஆர்டர்' அமைப்பைத் திரும்பக் கொண்டுவந்தது, பெர்க் அதில் பெரிதும் ஒரு குரலாகவே வருகிறார். நடித்தவர் மார்க் மெரோன். இவரும் முன்பு வானொலியில் இருந்தவர், 2009-லிருந்து 2025 வரை பாட்காஸ்ட் நடத்தியவர். அந்த வடிவத்தில் யாரும் பாதியில் அழைத்து 'யார் சொன்னது உனக்கு?' என்று கேட்க முடியாது.