ஒரு சொடுக்கொலியின் வரலாறு

நாயைப் பழக்கப் பிரம்பும் அதட்டலும் வேண்டும் என்னும் எண்ணம் பழமையானது. 1910-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் என்பார் வெளியிட்ட பயிற்சி நூல், கழுத்துப்பட்டையைச் சுண்டியிழுத்து நாயை வழிக்குக் கொண்டுவரும் முறையையே பெரிதும் வகுத்துரைத்தது. இன்றோ, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவியை அழுத்தி, அது எழுப்பும் சொடுக்கொலியைத் துணைகொண்டு வீட்டு நாய்க்குப் புதுப்புது வித்தைகளைக் கற்பிக்கின்றனர். இந்த முறை அச்சேறிய பின்னும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் நாய் பழக்குவோர் இதனைப் பொருட்படுத்தவில்லை என்பதே இவ்வரலாற்றில் வியப்புக்குரிய செய்தி.

உணவுக்குமுன் ஓர் ஒலியை நாள்தோறும் எழுப்பிவந்தால், அவ்வொலியைக் கேட்ட அளவிலேயே நாயின் வாயில் நீர் ஊறும் என்பதை ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் காட்டினார். அமெரிக்கரான தார்ண்டைக், 1898-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெட்டிக்குள் அடைத்த பூனைகளைக்கொண்டு, நற்பயன் தந்த செயலையே விலங்கு மீண்டும் நாடும் என்பதை விளக்கினார். இவ்விரண்டையும் இணைத்து நடைமுறைக்குக் கொணர்ந்தவர் உளநூலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், மினியாப்பொலிஸ் நகரத்து மாவு ஆலை ஒன்றின் மேல்மாடியில் ஸ்கின்னரும் அவர் துணைவரும் புறாக்களைப் பழக்கிக்கொண்டிருந்தனர். குண்டுகளை இலக்கு நோக்கிச் செலுத்தப் புறாக்களைப் பயன்படுத்துவது அவர்தம் திட்டம்! படைத்துறை அதனை ஏற்கவில்லை. ஆனால் அந்த மாடியில் வேறொன்று விளைந்தது. ஒரு புறாவுக்குப் பந்தை அலகால் அடித்து உருட்டக் கற்பிக்க விரும்பினர். அது தானே அடிக்கட்டும் என்று காத்திருந்தும் பயனில்லை. பிறகு, பந்தைப் பார்த்தாலே போதும் என்று தானியம் கொடுத்தனர். அடுத்து, நெருங்கினால் கொடுத்தனர். சில நிமிடங்களில் பந்து பெட்டியின் சுவர்களில் மோதித் தெறித்தது.

இதனை வீட்டு நாய்க்கும் பயன்படுத்தலாம் என்று 1951 டிசம்பரில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஸ்கின்னர் எழுதினார். நாய் ஒரு செயலைச் செய்தபின் இறைச்சித் துண்டை எடுத்து நீட்டுவதற்குள் சில நொடிகள் கழிந்துவிடும். அதற்குள் அது திரும்பியிருக்கும், அல்லது குரைத்திருக்கும். பரிசு அச்செயலுக்கே போய்ச் சேரும். ஆகவே, சுவர்க்கோழி என்னும் பூச்சியின் பெயரால் அமெரிக்கர் வழங்கும் தகர விளையாட்டுக் கருவியை அவர் பரிந்துரைத்தார். நம் திருவிழாக் கடைகளில் சிறுவர் வாங்கி மகிழ்ந்த தகரத் தவளையும் அவ்வகையினதே. முதலில் ஒலியெழுப்பி உடனே உணவு தரவேண்டும். சிலமுறை இவ்வாறு செய்தால், ஒலி என்றால் உணவு என்று நாய் உணர்ந்துகொள்ளும். பின்னர், வேண்டிய செயல் நிகழும் அந்த நொடியிலேயே ஒலிக்கலாம். உணவு சற்றுப் பின்னே வந்தாலும் குறையில்லை.

ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரீலண்டும் அவர் மனைவி மரியனும் இம்முறையையே தொழிலாகக் கொண்டனர். 1955-இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் அவர்கள் திறந்த காட்சிசாலையில் கோழிகள் நடனமாடின. எனினும் 1961-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை ஆசிரியரின் கொள்கைக்கே இடர் விளைத்தது. நாணயங்களைப் பெட்டியில் இடப் பழக்கிய ரக்கூன் என்னும் விலங்கு, உணவைத் தேய்த்துக் கழுவும் தன் இயல்பின்படி, இரு நாணயங்களைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பரிசு கிட்டாதபோதும் அது நிறுத்தவில்லை. பிறவியியல்பைப் பயிற்சி எப்போதும் வெல்லுவதில்லை என்பதை அவர்கள் ஒளிக்காமல் எழுதினர். தம் பிழைப்புக்கு ஆதாரமான முறையின் குறையைத் தாமே அச்சிட்டுக் காட்டியது பெரிய துணிவு.

ஓங்கிலைக் கட்டியிழுக்கக் கயிறு இல்லை. அடித்தால் அது நீந்திப் போய்விடும். எனவே 1964-இல் ஹவாயில் திறக்கப்பட்ட ‘சீ லைஃப் பார்க்’கில் காரென் பிரையர் என்னும் அம்மையார், சொடுக்கொலிக்கு மாற்றாக ஊதலைக் கையாண்டார். நாய் பழக்குவோர் கையிலோ கயிறு இருந்தது. புதுமுறை தேடாமைக்கு அதுவே காரணம் என்பது என் கருத்து. 1984-இல் பிரையர் எழுதிய நூல் பலரது நோக்கை மாற்றியது. 1992-இல் சான் பிரான்சிஸ்கோவில் அவரும் வேறு சிலரும் நாய் பழக்குவோர்க்கு நேரில் விளக்கிக் காட்டிய பின்னரே சொடுக்குக் கருவி பரவலாயிற்று.

அக்கருவியின் ஒலி கட்டளையன்று. ‘இப்போது செய்ததே சரி’ என்னும் அறிவிப்பு. நாய் ஒரு வித்தையை நன்கு கற்றபின், சொல்லோ கைக்குறியோ கட்டளையாகிவிடும். கருவியை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த வித்தைக்கு மீண்டும் எடுப்பார்கள்.