கல்வெட்டு இல்லாத வேலை

நான் வேலை பார்த்த குடிநீர் வாரியத்தின் மலர்க் குழுவிலிருந்து ஓர் இளம் பொறியாளர் வீட்டுக்கு வந்திருந்தார். "வாரியத்தோட வரலாறு நாலு பக்கத்துல வேணும் சார். பெரிய திட்டம் எதுவும் விட்டுப்போயிடக் கூடாது" என்றார். கையோடு ஒரு பட்டியலும் கொண்டுவந்திருந்தார்: திட்டத்தின் பெயர், மதிப்பீடு, அடிக்கல் நாட்டிய நாள், திறந்துவைத்த நாள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் தேடினால் ஒரு ஸ்பானர்கூடக் கிடைக்காது. பணிக்காலம் முழுக்க ஸ்பானரோடு திரிந்தவனிடம் வரலாறு எழுதச் சொன்னால் அவன் அதிலிருந்துதானே தொடங்குவான்.

1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1971 ஏப்ரல் 14 அன்று, சித்திரை முதல் நாளில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் பிறந்தது. அதற்கு முன்பும் குடிநீர் வேலை நடக்காமல் இல்லை. பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை என்ற பெயரில் அரசுத் துறையாக அது இருந்தது. துறைக்கு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குவதுதான் பணம். வாரியமாகிவிட்டால் கடன் வாங்கலாம், பெரிய திட்டங்களைத் தானே எடுத்துச் செய்யலாம். சென்னைக்கு 1978இல் தனி வாரியம் வந்துவிட்டது. மீதித் தமிழ்நாடு முழுவதும் நம் பொறுப்பு. தலைமை அலுவலகம் காமராசர் சாலையில், எட்டிப் பார்த்தால் கடல். அவ்வளவு தண்ணீரை எதிரே வைத்துக்கொண்டு குடிநீருக்குக் கோப்பு எழுதுவது எங்கள் தலையெழுத்து என்று ஊழியர்கள் கேலி செய்வதுண்டு.

வாரியம் பிறந்த காலத்தில் கிராமத்துக் குடிநீர் என்றால் கிணறு, ஊருணி, கண்மாய். இந்த மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடும்பாறை. கடப்பாரையும் வெடியும் வைத்துக் கிணறு இறக்கினால் ஒரு கோடைக்கும் அடுத்த கோடைக்கும் இடையில் முடிந்தால் அதிர்ஷ்டம். 1967இல் பீகார் வறட்சியின்போது யூனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ரிக் வண்டிகள் இந்தக் கணக்கை மாற்றின. கம்ப்ரசர் காற்றின் வேகத்தில் சுத்தியல் பாறைக்குள் இறங்க, ஒரே நாளில் நூறடித் துளை. ரிக் வண்டி ஊருக்குள் நுழைந்தால் பள்ளிக்கூடம் தானாகவே விட்டுவிடும். பாறைத்தூள் புகையாகக் கிளம்பி, திடீரென்று சேறாகி, பிறகு தண்ணீராகப் பீய்ச்சியடிக்கும்போது கிழவிகள் குலவையிட்டதை நான் பார்த்திருக்கிறேன். துளை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். நிலநீரியலாளர் ஓரிடத்தைக் காட்டுவார், ஊர்ப் பெரியவர் தன் வீட்டு வாசலைக் காட்டுவார். காலனிக்குத் தனி பம்பு கேட்டு மனு வந்தால், ஊர்ப் பம்பில் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை மனுவைப் படிக்காமலே சொல்லிவிடலாம்.

துளை போட்டதும் அதன் மேல் பம்பு வைக்க வேண்டும். கதை இங்கேதான் கெட்டது. அன்று கிடைத்தவை வார்ப்பிரும்புப் பம்புகள், மேலைநாட்டுப் பண்ணை வீடுகளில் இருந்த பம்புகளின் நகல்கள். ஒரு குடும்பம் காலையும் மாலையும் நாலு வாளி இறைக்கச் செய்த பொருளை, விடியற்காலை நாலு மணியிலிருந்து இரவு வரை ஐந்நூறு பேர் அடித்தால் என்ன ஆகும்? பின் தேயும், கைப்பிடி ஆடும், ஒருநாள் உடைந்து கையோடு வரும். 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது, நாட்டில் போட்டிருந்த கைப்பம்புகளில் நான்கில் மூன்று வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. துளைக்குச் செலவு செய்த பணமெல்லாம் பாறைக்குள் தூங்கியது.

மருந்து மகாராஷ்டிரத்திலிருந்து வந்தது. ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் பணியில் இருந்தவர்கள் இந்த உடைசல்களைப் பார்த்துச் சலித்துப்போய், தாங்களே எஃகில் பம்பு செய்துகொண்டிருந்தார்கள். சோலாப்பூர்ப் பம்பின் சூட்சுமம் இரண்டு. கைப்பிடி ஒரே அச்சில், மூடிய பேரிங்கில் சுழலும். ராடைத் தூக்குவது ஒரு சங்கிலி. கைப்பிடி வளைவாகப் போனாலும் சங்கிலி ராடை நேராகவே இழுப்பதால் பக்கவாட்டுத் தேய்மானம் இல்லை. யூனிசெஃப், சென்னையிலிருந்த இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம், பொதுத்துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆகியவை சேர்ந்து அந்த யோசனையை மெருகேற்றின. சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம் கோவைப் பகுதி. அங்கே நீர்மட்டம் அவ்வளவு ஆழம். கோவையில் தாங்கினால் எங்கும் தாங்கும் என்பதுதான் கணக்கு. தாங்கியது. 1970களின் கடைசியில் சென்னையில் உற்பத்தி தொடங்கி, 1979இல் இந்தியத் தரக் குறியீடும் கிடைத்தது. அதுதான் இந்தியா மார்க் 2. ஊரில் அதற்கு ஒரே பெயர், அடிபம்பு. ஐக்கிய நாடுகள் 1981 முதல் 1990 வரையான பத்தாண்டைக் குடிநீர், சுகாதாரத்துக்கு என்று ஒதுக்கியபோது இதே பம்பு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. யாரும் காப்புரிமை கேட்கவில்லை, வரைபடம் வேண்டியவர்க்கெல்லாம் கிடைத்தது.

ஆனாலும் சொல்கிறேன், நல்ல பம்பு பாதி வேலைதான். எஃகுப் பம்பும் கெடும், மெதுவாகக் கெடும். யார் பார்ப்பது? தமிழ்நாட்டில் வடிவெடுத்த மூன்றடுக்குப் பராமரிப்பு முறை இதற்குக் கிடைத்த விடை. ஊரில் பம்பைக் கவனிக்க ஒருவர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியும் கருவிகளும் கொண்ட ஒரு குழு. ஊரின் பம்புக் காவலரிடம் ஒரு ஸ்பானரும், முகவரி எழுதிய சில தபால் அட்டைகளும் இருக்கும். நட்டுப் போல்ட்டை அவரே முடுக்கிவிடுவார். தன்னால் முடியாததற்கு அட்டையைப் பெட்டியில் போடுவார்.

அப்படி ஓர் அட்டை பிடித்து, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊருக்குப் போனோம். காவலர் ஒரு நடுவயது அம்மா. பம்பைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. தண்ணீர் வருகிறது, கைப்பிடி ஆடவில்லை. எதற்கு அட்டை போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நாலு நாளா சத்தம் வேற மாதிரி கேக்கு ஐயா. காலையில மொத அடிக்கிறவளுக்கு பத்து அடி காத்துதான் வருது, பொறவுதான் தண்ணி. உள்ள என்னமோ தேஞ்சிட்டு, பாத்துக்கிடுங்க."

எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் குழுவின் மூத்த மெக்கானிக் மட்டும் கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை மெதுவாக அடித்துவிட்டு, முக்காலியை இறக்கச் சொன்னார். தலையைக் கழற்றி, கிளாம்ப் மாட்டி, மூன்று மீட்டர் நீளப் பைப்புகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினோம். தண்ணீரும் சேர்ந்த கனம், ஆறு பேர் கை. ஒரு பைப்பு நழுவினால் மொத்தமும் துளைக்குள் போய்விடும், பிறகு அந்தத் துளையை மறந்துவிட வேண்டியதுதான். பத்தாவது பைப்புக்கு அடியில் சிலிண்டர். அதன் அடி வால்வில் இருந்த ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து, இரவெல்லாம் பைப்பில் நிற்க வேண்டிய தண்ணீரைக் கீழே கசியவிட்டுக்கொண்டிருந்தது. சில்லறைக் காசுக்குக்கூடப் பெறாத ரப்பர். அதை மாற்றி, தோல் வாசரையும் புதிதாகப் போட்டு இறக்கியபோது மாலையாகிவிட்டது. அந்த அம்மா வந்து முதல் அடி அடித்தார். தண்ணீர் வந்தது. ஒன்றும் சொல்லாமல் குடத்தை வைத்தார்.

இந்தப் பைப்பு தூக்கும் பாட்டைக் குறைக்கத்தான் பிற்பாடு மார்க் 3 வந்தது. அதற்கும் சோதனைக்களம் கோவைப் பகுதியே. பைப்பை அகலமாக்கிவிட்டதால் அது துளைக்குள்ளேயே இருக்க, பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கலாம். அறிவார்ந்த மாற்றம். ஆனால் அகலப் பைப்புக்கு விலை கூடுதல், கனமும் கூடுதல். ஊர்களில் நிலைத்தது மார்க் 2தான்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். ஆழத்துத் தண்ணீர் கிருமியில்லாத தண்ணீர் என்று நாடு முழுவதும் நம்பி இறங்கிய காலம் அது. காலராவைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. பாறையிலிருந்து கரைந்து வந்த ஃபுளோரைடு வேறு கணக்கு வைத்திருந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் கேடு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தால் பழுப்புப் பற்கள் தெரியும். வயதானவர்களுக்கு முதுகும் முழங்காலும் வளைந்து இறுகிப்போகும். அங்கே அடிபம்பைச் சரிசெய்வதால் பயனில்லை, தண்ணீரையே மாற்ற வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காக வந்தது. 2008இல் அடிக்கல், ஜப்பான் நாட்டுக் கடனுதவி, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீடு, 2013 மே 29 அன்று திறப்பு. காவிரியை மேட்டு நிலத்துக்கு ஏற்றிக் கொண்டுபோய் இரண்டு மாவட்டங்களுக்குக் கொடுக்கும் அந்தத் திட்டத்துக்கு இளம் நண்பரின் பட்டியலில் முதலிடம் தந்திருந்தார்கள், தகும். ராமநாதபுரம் போன்ற உப்பு நிலங்களுக்கும் கூட்டுத் திட்டம் தவிர வேறு வழியில்லை. ஆனால் குழாய் நீள நீள, ஒரு வால்வு கெட்டால் தாகத்தில் நிற்கும் ஊர்களும் கூடும்.

2004 வாக்கில் வாரியத்துக்குள் ஒரு விநோதம் நடந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி விபு நாயரும் வழக்கறிஞர் வி.சுரேஷும் முன்னின்று 'கூடம்' என்றொரு முறையைக் கொண்டுவந்தார்கள். பொறியாளர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும், பதவி வாசலோடு நின்றுவிடும், யாரும் யாரையும் கேள்வி கேட்கலாம். தலைமைப் பொறியாளர் வந்தால் எழுந்து நின்றே பழகிய முதுகுகள் முதல் நாள் பட்ட சங்கடத்தைச் சொல்லி மாளாது. ஆனால் கூடத்தில் எழுந்த கேள்வி முக்கியமானது. புதிதாகப் போடுவதையே வேலை என்று நினைக்கிறோமே, ஊரோடு உட்கார்ந்து பேசி இருப்பதைக் காப்பது யார் வேலை? அந்த விளாத்திகுளம் அம்மாவிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

வாரியத்தின் பெயரில் 'வடிகால்' என்றும் ஒரு சொல் உண்டு. அதைப் பற்றி இந்த மலரில் அதிகம் எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. குடிநீர்க் குழாய் கேட்டு மறியல் செய்யும் ஊர், சாக்கடை கேட்டு மறியல் செய்வதில்லை. பாதாளச் சாக்கடைத் திட்டங்கள் நகரங்களில் மெல்ல நகர்ந்தன. வீட்டுத் தொட்டிக் கழிவை லாரியில் அள்ளிப் போய் எங்கே கொட்டுவது என்பதற்கு உள்ளாட்சிகளுக்கு அரசு வழிகாட்டுதல் வந்ததே 2014இல்தான். அதுவரை அந்த லாரி எந்த ஓடையோரம் நின்றது என்று எல்லாருக்கும் தெரியும். குடத்தில் வந்த தண்ணீர் ஏதோ ஒரு வழியாக வெளியே போயாக வேண்டும் என்பதைப் பெயர் வைத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. குடம் சுமந்த இடுப்புகளுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய ஊர் ஒன்றைப் பார்க்கலாம் என்று அந்தக் கரிசல்காட்டுக்கே போனேன். அந்த அம்மா இல்லை. பம்பின் தலையைக் கழற்றிவிட்டு அதே துளையில் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் மேல்நிலைத் தொட்டி, அதில் பெரிய எழுத்தில் திறந்துவைத்தவர் பெயர். ஊராட்சியின் தொட்டி ஆபரேட்டர், இருபத்தைந்து வயதிருக்கும், ஸ்விட்சைப் போட்டுவிட்டு நகராமல் துளையருகே தலையைச் சாய்த்து நின்றார். என்ன தம்பி என்றேன்.

"லேசா ஒரு உறுமல் கேக்கு சார். போன வாரம் இது கெடயாது."