புல்லிங் இல்லாத லாரி: ஒரு பட்டறை அறிவின் வரலாறு

ஆரணி என்றதும் பட்டுச்சேலைதான் நினைவுக்கு வரும். ஆனால் பட்டு கனமில்லாத சரக்கு. பல லட்சம் ரூபாய் பெறும் சேலைகளை ஒரு சின்ன வேனில் அடுக்கி அனுப்பிவிடலாம். ஊரின் சாலைகளில் பாரத்தை ஏற்றியவை நெல்லும் அரிசியும்தான். இங்கே அரிசி ஆலைகள் பெருகின. ரயில் பாதையோ ஊருக்குள் வரவில்லை. விழுப்புரம்–காட்பாடி பாதையில் ‘ஆரணி ரோடு’ என்ற பெயரைத் தாங்கிய நிலையம் களம்பூரில் இருக்கிறது. நெல் மூட்டையை ஆலை வாசலில் இறக்கவும், அரிசி மூட்டையை வெளியூர் மண்டிக்குக் கொண்டுபோகவும் லாரியை விட்டால் வழியில்லை.

லாரியை நம்பிய ஊரில் ஓட்டுநர் பட்டறை வாசலில் நிறுத்திச் சொல்லும் புகார்களில் உரிமையாளரை மிகவும் கலங்கடிப்பது, “வண்டியில புல்லிங் இல்ல” என்பதுதான். பிரேக் போனால் எதை மாற்ற வேண்டும் என்று தெரியும். டயர் வெடித்தால் கண்ணுக்குத் தெரியும். இழுவை குறைந்தால் குற்றவாளி காற்றாக இருக்கலாம், டீசலாக இருக்கலாம், பம்பாக, டர்போவாக, கிளட்சாகக்கூட இருக்கலாம். தவறான இடத்தில் கை வைத்தால் ஒரு மாத வாடகை போய்விடும். இந்த ஒற்றைப் புகாரைச் சுற்றித் தமிழ்நாட்டுப் பட்டறைகள் முக்கால் நூற்றாண்டாகத் திரட்டிய அறிவு மிகப் பெரியது. அதில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

கதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்குகிறது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது பஸ்களும் லாரிகளும் அடுப்புக்கரி வாயுவில் ஓடின. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான வாயுக் கலனைத் தானே தயாரித்தது. பெட்ரோலுக்காக அமைந்த என்ஜின் கரி வாயுவில் ஓடும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சக்தியை இழந்தது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். இழுவைக் குறைவு அன்று கோளாறாகவே கருதப்படவில்லை. வண்டியின் இயல்பே அதுதான்.

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிரிட்டனின் லேலண்டுடன் கைகோத்து 1955-ல் அசோக் லேலண்டாக மாறியது. 1954-ல் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்ஸ் கூட்டுடன் ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிப்பைத் தொடங்கியது. இந்த இரண்டு குடும்பங்களின் டீசல் லாரிகளில்தான் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் பல தலைமுறைகள் தொழில் பழகின. டாடா லாரிகளின் பெயரிலேயே அளவு ஒளிந்திருந்தது. 1210 என்றால் 12 டன் மொத்த எடை, ஏறத்தாழ 100 குதிரைத்திறன். 1612 என்றால் 16 டன், 120 குதிரைத்திறன். பின்னதோ டன்னுக்கு எட்டுக் குதிரைகூட இல்லாத வண்டி. அதில் பத்துக் குதிரை குறைந்தாலும் ஓட்டுநரின் காலுக்கு உடனே தெரிந்துவிடும்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கிச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றும். பீய்ச்சும் வேலையைச் செய்வது இன்ஜெக்ஷன் பம்ப். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அதை 1927-ல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. இந்தியாவில் 1951-ல் உருவான மைக்கோ, பெங்களூரு ஆடுகோடி ஆலையிலிருந்து பம்பையும் நாசிலையும் நாடு முழுக்கப் பரப்பியது. அந்தத் தலைமுறை வண்டிகளில் எல்லாமே இரும்பும் ஸ்பிரிங்கும்தான். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஆகவே கோளாறைக் கண்டுபிடிக்கக் கண்ணும் காதும் கையும் மூக்கும் போதுமாக இருந்தன.

தேர்ந்த மெக்கானிக் எடுத்தவுடன் பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில் கேள்வி கேட்பார். திடீரென்று குறைந்ததா, மெல்ல மெல்லக் குறைந்ததா? காலியாக ஓடும்போதும் இப்படியா, லோடில் மட்டுமா? கடைசியாக எங்கே டீசல் போட்டது? பிறகு ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்து இறங்கி, சக்கர டிரம்களுக்கு அருகே கையைக் கொண்டுபோவார். ஒரு டிரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. என்ஜின் இரைச்சல் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப். ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கச் சொல்லி, பம்பின் லீவர் கடைசிவரை போகிறதா என்றும் பார்ப்பார். காசு செலவில்லாத காரணங்களை முதலில் கழித்துவிடுவதுதான் இந்தத் தொழிலின் ஒழுங்கு.

அடுத்தது புகை. கறுப்பாக வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, அல்லது நாசில் தூவாமல் ஒழுகுகிறது. அரிசி ஆலை முற்றத்தில் தவிட்டுத் தூசியும் உமிச் சாம்பலும் பறக்கும். அங்கே நாள் கணக்கில் நிற்கும் லாரிக்கு ஏர் கிளீனர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. நீலப் புகை என்றால் ரிங் தேய்ந்தோ வால்வு கைடு தளர்ந்தோ ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டைமிங் பிந்தியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கலாம்.

புகையே இல்லை, இழுவையும் இல்லை என்றால் வண்டி பட்டினி கிடக்கிறது. அப்போது டேங்கிலிருந்து தொடங்குவார்கள்: டேங்கின் அடி வண்டல், ஃபீட் பம்ப் சல்லடை, டீசல் ஃபில்டர், தளர்ந்த வாஷர் வழியே உள்ளே நுழையும் காற்று. ஃபில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை ஏர் எடுத்தாலே பல வண்டிகள் எழுந்து ஓடிவிட்டன. மலிவான மண்ணெண்ணெயை டீசலில் கலந்த காலமும் ஒன்று இருந்தது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் சேர்த்ததே கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கத்தான். மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவு. அது பம்பின் எலிமென்ட்டுகளைத் தேய்த்துவிடும். தேய்ந்த பம்ப் பிறகு நல்ல டீசல் போட்டாலும் பழைய அழுத்தத்தைக் கொடுக்காது.

பழைய பட்டறைகளின் மிக நேர்த்தியான சோதனை இன்னொன்று. என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப் நட்டை ஒரு ஸ்பேனரால் சற்றே தளர்த்துவார்கள். அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்றதும் என்ஜின் தடுமாற வேண்டும். தளர்த்தியும் ஓசை மாறவில்லை என்றால் அது ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர். ஆறு சிலிண்டர்களையும் சில நிமிடங்களில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நோய் எங்கே என்று சொல்லிவிடலாம். கிளீனராக வந்த பையன்கள் இந்த ஓசை வேறுபாட்டைக் காதில் ஏற்றிக்கொள்ளவே காலம் பிடித்தது.

குறுக்கு வழியும் உண்டு. பம்பின் சீலை உடைத்து, டீசல் அளவைக் கூட்டும் ஸ்குருவைத் திருப்பினால் இழுவை உடனே கூடியதுபோல் இருக்கும். சில மாதங்களில் கறுப்புப் புகையும் சூடும் பிஸ்டனைத் தின்றுவிடும். அதனால்தான் நல்ல மெக்கானிக்குகள் பம்பைத் தாங்களே தொடாமல், டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கழற்றி அனுப்பினார்கள். தன் கை எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் தொழில் அறிவில் சேர்ந்தது.

சில வேளைகளில் கோளாறு வண்டியிலேயே இருக்காது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் காற்றின் அடர்த்தி எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத லாரி லோடுடன் அங்கே ஏறும்போது சோர்வது இயற்கை. இந்தக் குறையைத் தீர்க்க வந்த டர்போவின் இந்திய வரலாற்றில் ஆரணிக்கு வடக்கே உள்ள வட்டாரத்துக்கும் இடமுண்டு. 1982-ல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனத்தின் ஆலை வாலாஜா பக்கத்துப் புலிவலத்தில் இருக்கிறது. டர்போ வந்ததும் மெக்கானிக்கின் பட்டியலில் புதிய வரிகள் சேர்ந்தன: வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், ஆடும் ஷாஃப்ட். ஹோஸில் விரல் நீளக் கிழிசல் இருந்தாலே போதும், மேட்டில் வண்டி கறுப்புப் புகையோடு நின்றுவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது, இழுவைக் குறைவின் பொருளே மாறியது. புதிய லாரியின் சைலன்சர் பக்கம் கரித்துகள் வடிகட்டியும், 32.5 சதவீத யூரியாக் கரைசலைத் தெளிக்கும் அமைப்பும் உள்ளன. கரைசல் தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ, வண்டியின் கம்ப்யூட்டரே என்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். என்ஜினில் ஒரு பழுதும் இல்லாமலே வண்டி தவழும். இதைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது; ஸ்கேனர் வேண்டும்.

பைப் நட்டைத் தளர்த்தும் பழைய சோதனைக்கும் தடை விழுந்தது. பழைய நாசில்கள் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறந்தன. புதிய லாரிகளின் காமன் ரெயில் அமைப்பிலோ அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அதிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழக்கதோஷத்தில் ஸ்பேனரை எடுத்தால் கையையே இழக்க நேரலாம்.

ஆனாலும் ஸ்கேனர் ‘ரெயில் அழுத்தம் குறைவு’ என்று மட்டுமே சொல்லும். ஃபில்டர் அடைப்பா, பம்ப் தேய்மானமா, இன்ஜெக்டர் கசிவா என்பதை மெக்கானிக்தான் பிரித்தறிய வேண்டும். அவர் இப்போதும் முதலில் ஃபில்டரைப் பார்க்கிறார். பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சிறு அளவுக் குப்பியை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, எந்தக் குப்பியில் டீசல் அதிகம் சேர்கிறது என்று பார்க்கிறார். மற்றவற்றைவிட வேகமாக நிறையும் குப்பிக்கு மேலே இருப்பதுதான் தேய்ந்த இன்ஜெக்டர். சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் அதே முறைதான் இது. காது செய்த வேலையைக் குப்பி செய்கிறது. லேலண்ட் காமெட் போன்ற பழைய லாரிகளில் கற்ற மூத்தவர்கள் இந்த வரிசையைச் சொல்லிக்கொடுக்கும் பட்டறைகளில், ஐ.டி.ஐ.-யில் டீசல் மெக்கானிக் முடித்து வரும் இளைஞர்கள் ஸ்கேனர் காட்டும் குறியீட்டைப் படித்ததுமே பாகத்தை மாற்றிவிடுவதில்லை.