மூலநிரல் என்னும் மூல ஏடு



ஈரமும் செல்லும் ஏட்டுச்சுவடியை அரிக்கும். ஆதலின் நம் முன்னோர் தலைமுறைதோறும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்தனர். படியெடுப்பார் அற்ற நூல்கள் மறைந்தன. 1887 இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்ற இயன்றது, அச்சங்கிலி அறாமையினாலேயே. கணினித் தமிழுக்கும் இவ்விதி பொருந்தும்.

1984 இல் தோன்றிய மெக்கின்டாஷ், தன் நுண்செயலிக் குடும்பத்தை மும்முறை மாற்றியுள்ளது: 1994 இல் பவர்பிசி, 2006 இல் இன்டெல், 2020 இல் ஆப்பிளின் சொந்தச் சில்லு. 1972 முதல் இன்டெல் ஆலையைக் கொண்டுள்ள பினாங்குக்கு இது தொலைவுச் செய்தியன்று. ஒரு சில்லுக்கென ஆக்கிய இயங்குநிரல் மற்றொன்றில் நேரே இயங்காது. பவர்பிசி நிரல்களை இன்டெல்லில் இயக்க இடைப்பாலமாய் நின்ற ரொசெட்டாவும் 2011 இல் வந்த லயன் பதிப்பில் நீக்கப்பட்டது. மூலநிரல் கைவசம் இருந்தோர் மீண்டும் தொகுத்துக்கொண்டனர்; இயங்குநிரலை மட்டும் வைத்திருந்தோர்க்கு அவ்வழி அடைபட்டது.

இம்மண்ணிலும் கணினித் தமிழுக்கு வரலாறு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985 இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அவர்தம் இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைமுறையும் பின்னர் மெக் இயங்குதளத்திலேயே இடம்பெற்றன.

எழுத்துருவும் விசைமுறையும் இருந்தால் மட்டும் போதா. ஒருங்குறியில் 'கெ' என்பது ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னே நிற்றல் வேண்டும். அவ்விடமாற்றத்தைச் செய்வது எழுத்துவடிவாக்க நிரலகம். அவற்றுள் ஒன்றான ஹார்ஃப்பஸ், பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்ற மென்பொருள்களில் பயன்படுகிறது. அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்தே உள்ளது.

இத்தகைய நிரலகத்தைத் தொகுத்தல் ஒருகாலத்தில் கட்டளை வரிகளைக் கற்றார்க்கே உரிய கலையாயிருந்தது. 2003 இல் ஆப்பிள் வெளியிட்ட எக்ஸ்கோடும், சாளரமுகம் கொண்ட சிமேக்கும் அக்கதவைச் சற்றே அகலத் திறந்தன. சிமேக் சாளரத்தில் மூலநிரல் கோப்புறையையும் கட்டுமானக் கோப்புறையையும் சுட்டி, எக்ஸ்கோடைத் தெரிவு செய்தால், திட்டக்கோப்பு உருவாகும். அதனை எக்ஸ்கோடில் திறந்து, இலக்குச் சில்லைக் குறித்துத் தொகுக்கலாம். ஆயினும் சார்பு நிரலகங்கள் இல்லையெனில் பணி இடையில் நின்றுவிடும்; பொத்தான்கள் அறிவுக்கு மாற்றாகா.

ஆகவே தமிழ் அமைப்புகள் மென்பொருள் ஒன்றைப் பேணுங்கால், மூலநிரலையும், சார்பு நிரலகங்களின் பெயர், பதிப்பு எண்களையும், தொகுத்த முறையையும் சேர்த்தே காத்தல் வேண்டும். அடுத்த சில்லு மாறும் நாளில், படியெடுக்க ஏடு நம்மிடம் இருத்தல் வேண்டும்.