ஒரு பழைய பேஸ் கிற்றாரும் எழுதப்படாத சரித்திரமும்

யாழின் பெயரால் வழங்கும் நிலத்தில் வாழ்கிறோம்; ஆயினும் அக்கருவியைக் கண்ணாற் கண்டவர் நம்மில் எவருமில்லை. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் 'யாழ்நூலை' வெளியிட்டபோது, சிலப்பதிகாரம் முதலிய நூல்களிற் கிடந்த குறிப்புகளையும் கணிதத்தையும் கொண்டே வழக்கொழிந்த கருவியை மீட்டுரைக்க வேண்டியதாயிற்று. எழுத்து எஞ்சியது, கருவி எஞ்சவில்லை. ஈண்டு நான் கூறப்புகும் கருவியின் நிலை இதற்கு நேர்மாறானது. கருவி இருக்கிறது. எழுத்தைத்தான் காணோம்.

வலிகாமத்தில், எம் அயலூர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டில் அதைக் கண்டேன். மின்சார பேஸ் கிற்றார். 1970களில் மெல்லிசைக் குழுவொன்றில் அவர் வாசித்தது. தடித்த நரம்புகள் நான்கு. அவற்றுள் மிகத் தாழ்ந்தது செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. பாட்டைக் கேட்போர் இதன் ஓசையைத் தனியே கேட்பதில்லை. அது நின்றுவிட்டால் மட்டும் பாட்டு வெறுமையாகிவிட்டதை உணர்வர்.

இக்கருவியின் பிறப்பு அமெரிக்காவில். சியாற்றிலில் போல் டுற்மார்க் என்பவர் 1930களிலேயே ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. கலிபோர்னியாவின் புலர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட 'பிறிசிஷன் பேஸ்' என்பதே உலகெங்கும் பரவியது. ஆளுயர வயலின்போன்ற பேஸைச் சுமந்து திரிந்த வாத்தியக்காரர் இதைத் தோளில் மாட்டிக்கொண்டனர். சரித்திரம் பொதுவாக முதலாளியின் பெயரோடு நின்றுவிடும். ஆனால் 1950களின் ஃபெண்டர் கிற்றார்கள் சிலவற்றின் கழுத்தைக் கழற்றினால், அடியில் பென்சிலால் இரண்டு எழுத்துகளும் ஒரு திகதியும் காணப்படும். கழுத்தைச் செதுக்கிய ததேயோ கோமஸ் என்ற தொழிலாளியின் முதலெழுத்துகள் அவை. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றும் வேலையில் 1956இற் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற பெண், அதே தொழிலிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். நரம்பின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றுவது அந்தச் சுருளே.

வாசித்தவர் நிலையும் அத்தகையதே. டிறொயிற் நகரின் மோற்றவுண் இசைத்தட்டுகள் உலகெங்கும் விற்பனையாயின. அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பினக் கலைஞரின் பெயர் 1971வரை உறைகளில் அச்சாகவில்லை. நம் பக்கத்தும் இதே கதைதான். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிற்றார் எத்தகைய உயிர்நாடி என்பதை இன்று இளைஞர் வியந்து பேசுகின்றனர். வாசித்த விரல்கள் யாருடையவை எனக் கேட்போர் சிலரே.

இனி யாழ்ப்பாணம். 1970இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதியை இறுக்கிற்று. வெங்காயமும் மிளகாயும் விளைவித்த எம் விவசாயி அதனால் நிமிர்ந்தான். தமிழகச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தது. உள்ளூர்க் கலைக்கு இடம் பிறந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' போன்ற பொப் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. பண்டிதர் முகஞ்சுளித்தனர், நம்மவரிற் சிலரும் அவ்வாறே செய்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதே இறக்குமதிக் கட்டுப்பாடு கிற்றாரையும் அதன் நரம்பையும் கிடைத்தற்கரியவை ஆக்கிற்று. பெரியவரின் கருவி, கப்பலில் வேலைபார்த்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த யப்பானியப் பிரதி. நரம்பு மழுங்கினால் கழற்றிக் கொதிநீரில் அவித்து, அழுக்கு நீங்கியபின் மீண்டும் பூட்டுவாராம்.

அவர் பிறந்த சமூகத்தார் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்நுழையும் உரிமைக்காக நின்றவர்கள். சில ஆண்டுகளின் பின், வேறொரு கோயிலின் திருவிழா இரவில், வெளிவீதி மேடையில் நின்று விடியும்வரை வாசித்திருக்கிறார். மேடை ஏறலாம், மூலஸ்தானத்தை எட்டிப் பார்க்கலாகாது. அந்த இரவைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கருவியின் இன்றைய நிலையை விரித்துரைப்பது அவசியம். வலப்புற மேல்விளிம்பில் முன்கை உரசி வண்ணம் போய் மரம் தெரிகிறது. கழுத்தின் முதல் ஐந்து கட்டுகளில் நரம்பு அறுத்த பள்ளங்கள். மேற்கட்டுகள் புதியன போலவே உள்ளன. தலைப்பக்கத்தில் நரம்பு தங்கும் தாங்கி மாட்டுக்கொம்பிற் செதுக்கப்பட்டது. ஒலியைக் கூட்டும் குமிழ் பழைய றேடியோ ஒன்றினுடையது. கழுத்து வில்லாக வளைந்திருக்கிறது. நான்கு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 முதல் 80 கிலோகிராம் விசையோடு இழுக்கும். உள்ளேயுள்ள உருக்குக் கம்பியை அவ்வப்போது முறுக்கி ஈடுசெய்யாவிடின் மரம் வளைந்தே தீரும்.

முறுக்குவதற்கு யார் இருந்தார்? 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவின் மின்னில் றேடியோச் செய்தி கேட்ட காலம் அது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் மின்சாரக் கிற்றார் வெறும் மரக்கட்டையாயிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமமே பெயர்ந்தபோது அதை விட்டுவிட்டு நடந்தார். 1996இல் திரும்பியபோது கூரையில் ஓடுகள் இல்லை. மாரிமழையில் ஒருபக்க வண்ணம் கொப்புளித்திருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் செப்புச் சுருள் அறவில்லை. ஒலிபெருக்கியிற் பூட்டியபோது, இரைச்சலினூடே ஒலி வந்தது.

வெளிநாட்டுப் பழங்கருவிச் சந்தைக்கு வேறோர் அளவுகோல் உண்டு. ஃபெண்டர் நிறுவனத்தை 1965இல் சிபிஎஸ் நிறுவனம் 130 இலட்சம் டொலருக்கு வாங்கிற்று; அதற்கு முந்திய கிற்றார்களுக்கே மிகுந்த விலை. மறுவண்ணம் பூசினாற் பெறுமதி பாதியாகும். மாற்றிய ஆணி ஒவ்வொன்றும் குறையே. பெட்டியிற் பூட்டிவைத்துத் தொடாத கருவியே அச்சந்தையில் உத்தமம். அக்கணக்கின்படி பெரியவரின் கிற்றாருக்கு மதிப்பேதும் இல்லை. கனடாவிலிருந்து வந்த மருமகன், கொம்பையும் குமிழையும் எறிந்து, புதிய உறுப்புகள் பூட்டி, வண்ணமடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனத்தோடு சொன்னதுதான்.

"மாஸ்ரர், நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று பெரியவர் கேட்டார்.

கழுத்தை நிமிர்த்துங்கள், நரம்பை மாற்றுங்கள், கொம்பையும் குமிழையும் தொடாதீர்கள் என்றேன். அக்கொம்பைச் செதுக்கியவர் யார் என்றும் கேட்டேன். சுன்னாகத்தில் இருந்த ஒரு தச்சர். பெயர் நினைவில் இல்லையாம். பிறகு அலுமாரியிலிருந்து மடித்த துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துவந்தார். திருவிழா இசைநிகழ்ச்சிக்குரியது. பாடகர் நால்வரின் பெயர்கள் தடித்த எழுத்தில் இருந்தன. அறிவிப்பாளரின் பெயர் இருந்தது. ஒலிபெருக்கி உரிமையாளரின் பெயரும் இருந்தது. அடியில், 'மற்றும் குழுவினர்' என்றிருந்தது. அச்சொல்லின்மேல் விரலை வைத்து, "இது நான்" என்றார்.